செருப்பைக் கழட்டிட்டு வந்த ரத்தக்காட்டேரி

தம்பி, கொஞ்சம் நகந்துக்கறீங்களா, நானும் இங்கயே உக்காந்துக்கறேன். முன்னாடி சீட்டுல வெயில் அடிக்குது. அட, அத ஏன் நிறுத்துறீங்க. பாருங்க, பாருங்க. டோல்கேட் தாண்டினதுலேர்ந்து நீங்க செல்லப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வர்றத நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வெயிலுக்காக எந்திரிச்சு வரல, அதுக்காகத்தான் வந்தேன். இப்ப அந்தச் செல்ல ஒரு தடவ பாருங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாருங்க.

ஆமா, நான்தான். 'ரத்தப் பந்தல்' படத்துல வர்ற ரத்தக்காட்டேரி நான்தான். பேரு மருதமுத்து, மணப்பாறையில பாத்திரக் கடை. படத்துல பல்லு வெச்சிருக்கறதால உங்களுக்குச் சட்டுனு அடையாளம் தெரியல. பயப்படாதீங்க, நேர்ல நான் ரொம்ப சாது.

சிரிங்க, பரவால்ல. ரொம்பப் பயந்துட்டா சில பேருக்குச் சிரிப்புதான் வருமாம். ஒரு டாக்டரே சொன்னாரு. எங்க ஊரு டாக்டர் இல்ல, டிவில வர்றவரு.

நீங்க பெரம்பலூரா? நான் அதுக்கும் அங்கிட்டு, குரும்பலூர். என் மாமனார் ஊரு. என் சம்சாரம் செவ்வந்தியும் பாப்பாவும் பரீட்சை லீவுக்கு அங்க போனவங்கதான், இன்னும் திரும்பல. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. பாப்பா யாழினிய இங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல சேத்துடறேன், நீங்க டி.சி. வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டா. டி.சி.ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்ல. பாப்பா மட்டும் மாறப் போறதில்ல, இவளும் வரப் போறதில்லன்னு அர்த்தம். எல்லாம் இந்தப் படத்தாலதான் தம்பி. நான் சொல்றேன், நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க.

படம் எடுத்தது சகாயராஜ். என்கூடப் படிச்சவன். எங்க ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் அவன்தான் வீடியோ. சினிமாக்காரன் கேமராவத் தொடறதுக்கு முன்னாடி யோசிப்பான், சகாயம் யோசிக்கவே மாட்டான், அவ்ளோ வேகம். ஒருநாள் கடைக்கு வந்து, "மருது, ரத்தக்காட்டேரி படம் ஒண்ணு எடுக்கறேன், நீதான்டா காட்டேரி, உனக்கு மேக்கப்பே வேண்டாம்"னான். பாருங்க, எத்தன பேருக்கு மேக்கப் இல்லாம நடிக்கற முகவெட்டு இருக்கும். எங்கம்மாவுக்குத்தான் பயம். பேய் வேஷம் போட்டா பேய் பிடிச்சிக்கும்னு, நெத்தி நெறைய விபூதி பூசி, கைல ஒரு தாயத்தும் கட்டி அனுப்புச்சு. அதக் கழட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் நடிச்சேன். இப்ப ஊருல கேக்கறானுங்க, காட்டேரிக்கு எதுக்குடா தாயத்து, அது யாருக்குப் பயப்படுதுன்னு. அம்மாவுக்குத்தான், வேற யாருக்கு.

கோட்டு சகாயத்தோட ஸ்டுடியோவுல இருந்த கோட்டு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒண்ணு மாட்டி வெச்சிருப்பான்ல, அது. எங்க ஊர்ல அந்தக் கோட்டப் போடாத ஆம்பளையே கிடையாது. அதுக்குப் பேண்ட் கிடையாது, போட்டோவுல கீழ தெரியாதுல்ல, அதனால வேட்டி கட்டிக்கிட்டேன். ரத்தத்துக்கு ஆரத்தி கரைச்சாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செக்கச் செவேல்னு வந்துரும், கல்யாண வீட்டுல பாத்திருப்பீங்க. பாக்கத்தான் அழகு, வாயில ஊத்தினா நாக்கு வெந்துரும். படத்துல நான் பேசற வசனம் கொழகொழன்னு இருக்குன்னு சொல்றாங்கல்ல, நாக்கு வெந்தவன் எப்படிப் பேசுவான். பல்லு தேங்காச் சில்லுல செதுக்கினது. ஒரு சீன்ல ரெண்டு பல்லு இருக்கும், அடுத்த சீன்ல ஒண்ணுதான் இருக்கும். சாப்பாடு வர லேட்டு தம்பி. யோசிக்காம ஒண்ணத் தின்னுட்டேன்.

சகாயத்துக்கு ஒரு பழக்கம், அத மட்டும் மாத்த முடியல. கல்யாணமா எடுத்து எடுத்து அவன் கை அப்படியே போவுது. கதாநாயகியோட அப்பாவ நான் கடிச்சுக் கொன்னுட்டேன்னு வைங்க, பொணத்தக் கெடத்தியிருக்கு. சொந்தக்காரங்க வந்து அழணும். இவன் என்ன பண்ணான், "ஒவ்வொரு குடும்பமா வாங்க, பொணத்துக்கு ரெண்டு பக்கமும் நில்லுங்க, கேமராவப் பாருங்க"ன்னுட்டான். அவங்களும் பட்டுச் சேலையும் மல்லிப்பூவுமா வந்திருந்தாங்க, வரிசையா நின்னு, கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டு எறங்கிப் போனாங்க. ஒரு சித்தப்பா பொணத்துக்குக் கைகூடக் குடுத்தாரு. நான் கதாநாயகி கழுத்தக் கடிக்கற இடத்துல ரோஜாப்பூவாக் கொட்டும், ஒரு இதயத்துக்குள்ள என் மூஞ்சியும் அந்தப் பொண்ணு மூஞ்சியும் சுத்தும். அது அந்தக் கம்ப்யூட்டர்ல தானா வர்றதாம். குத்தம் சொல்ல முடியாது, பாக்க லட்சணமாத்தான் இருக்கும்.

அந்தக் கதாநாயகி பொண்ணு விஷயமா செவ்வந்தி கோவிச்சுக்கிட்டான்னுதான் ஊரு நெனைக்குது. நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படி இருந்தா நல்லா இருக்குமேன்னும் நெனச்சேன்.

விஷயம் அது இல்ல. எங்க ஊர்த் தியேட்டர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மொத ஷோ போட்டோம். வெத்தல பாக்கு வெச்சு வீடு வீடா அழைச்சோம். சகாயம் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன். பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டா எங்க ஊர்ல வராம இருக்க மாட்டாங்க. வாசல்ல பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, கல்கண்டு குடுத்துத்தான் உள்ள விட்டோம். நான் அந்தக் கோட்டோடயே நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னேன். சனங்க பொறுமையா வந்து உக்காந்தாங்க. படம் ஆரம்பிச்சுது.

அப்ப பாக்கணும் தம்பி நீங்க. தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல. நான் தாயத்தோட மரத்துலேர்ந்து எறங்கறேன், சத்தம் இல்ல. பொணத்துக்குக் கை குடுக்கறாங்க, சத்தம் இல்ல. பெரியப்பா முன் வரிசையில கண்ண இறுக்கி மூடிட்டாரு, அவ்ளோ பயம். எங்க கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரு கர்ச்சீப்ப வாயில திணிச்சுக்கிட்டு தோளு குலுங்க உக்காந்திருந்தாரு. நடுங்கறாருய்யான்னு எனக்கே பாவமாப் போச்சு. சகாயம் என் கையப் பிடிச்சு, "ஜெயிச்சுட்டோம்டா"ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாத்திரக் கடையில குடத்தத் தட்டிக் காட்டிக்கிட்டே காலம் போயிருமோன்னு இருந்தவன் நான்.

அப்புறம்தான் அந்த சீன் வந்துச்சு. நான் மொத மொதல்ல கதாநாயகி வீட்டுக்குள்ள போறேன். கதவு தானாத் தொறக்குது. காத்து அடிக்குது. நான் வாசல்ல நின்னு, செருப்பக் கழட்டி, சுவர் ஓரமா ஜோடியா வெச்சுட்டு, உள்ள போறேன்.

இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. அது சகாயத்தோட அத்த வீடு. அந்தம்மா அப்பத்தான் தண்ணி ஊத்தித் தொடச்சுட்டு, கேமராவுக்குப் பக்கத்துலயே நிக்குது. உள்ள பூஜை ரூம்புல வெளக்கு எரியுது. செருப்போட போக முடியுமா? ரத்தம் குடிக்க வந்தவனா இருந்தா என்ன, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அந்த இடத்துலதான் ஒரு பொம்பள சிரிச்சுது. அத்தன பேரு மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஒரே ஒரு குரல். சின்னதா ஆரம்பிச்சு, நிறுத்தப் பாத்து, முடியாம, கலகலன்னு. தகரத்துல பட்டாணியக் கொட்டின மாதிரி. எவடா இவன்னு எனக்குச் சுர்ருன்னு ஏறிப் போச்சு. யாரு வீட்டுப் பொம்பள, யாரு பத்திரிகை வெச்சது, நானா சகாயமான்னு எந்திரிச்சு நின்னு தேடறேன். திரை வெளிச்சத்துல பாத்தா, நாலாவது வரிசையில என் வீட்டுப் பொம்பள. முந்தானையச் சுருட்டி மூஞ்சியோட அமுக்கிக்கிட்டு, குனிஞ்சு, பாப்பா மேல சாஞ்சு சிரிச்சுக்கிட்டு இருக்கா.

எனக்குத் தெரியல தம்பி, அது அவ குரல்னு. கட்டின பொண்டாட்டி குரல் தெரியாதான்னு கேப்பீங்க. பேசினா தெரியும், கூப்பிட்டா தெரியும், பாப்பாவ அதட்டினா பக்கத்துத் தெருவுலேர்ந்து தெரியும். அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லையே.

அது ஏன்னா, எங்க வீடு அப்படி. கல்யாணமாகி வந்த மொத வாரம் ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், எங்கப்பா ரசத்த ஊத்திக்கறேன்னு தண்ணிச் செம்பக் கவுத்து இலையில ஊத்திக்கிட்டாரு. இவ சிரிச்சுட்டா. புதுப் பொண்ணு, சின்ன வயசு. எங்கப்பா அவளத் திட்டல. அவளப் பாக்கக்கூட இல்ல. விட்டத்தப் பாத்து, "பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு"ன்னாரு. அவ்ளோதான். நானும் ஆமான்னு தலையாட்டினேன், பெரியவங்க சொன்னா ஆட்டறதுதான. அன்னைலேர்ந்து பத்து வருஷமா அவ சத்தமாச் சிரிச்சதில்ல. ஒரே ஒரு தடவ சொன்னதுக்கு. அவ்ளோ நல்ல பொண்ணு அவ. எங்க சொந்தத்துல எல்லாரும் சொல்வாங்க, மருதுக்கு வாச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்னு.

இப்ப சொல்லுங்க. பத்து வருஷமாச் சிரிக்காதவ, அன்னைக்குத்தானா சிரிக்கணும்? வேற நாளே கெடைக்கலையா அவளுக்கு?

அவ சிரிச்சதுதான் தாமதம், தியேட்டரே பொங்கிருச்சு. பக்கத்துக் கடைக்காரரு கர்ச்சீப்பத் துப்பிட்டுச் சிரிக்கிறாரு. பெரியப்பா முழிச்சுக்கிட்டு என்ன ஏதுன்னு தெரியாமயே சிரிக்கிறாரு. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் தட்டிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அதுக்கப்புறம் நான் எது செஞ்சாலும் சிரிப்பு. நின்னா சிரிப்பு, நடந்தா சிரிப்பு. வீட்டுக்காரியே சிரிச்சுட்டா, நமக்கு என்னன்னு ஆயிருச்சு. அவ மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அத்தன பேரும் கடேசி வரைக்கும் பயந்துருப்பாங்க. இன்டர்வெல் விட்டதும் நேராப் போனேன். "நீ வீட்டுக்குப் போ"ன்னேன். கண்ணத் தொடச்சுக்கிட்டு, பாப்பாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. பாப்பாதான் முறுக்கு கேட்டு அழுதுச்சு.

அதுக்கப்புறம் நான் அவகிட்டப் பேசல. சண்டையெல்லாம் கிடையாது தம்பி, நான் கை ஓங்கறவன் இல்ல. பேசல, அவ்ளோதான். "உங்கம்மாவத் தோச ஊத்தச் சொல்லு", "உங்கம்மாகிட்ட என் சட்ட எங்கன்னு கேளு"ன்னு பாப்பாகிட்டச் சொல்வேன். அதுவும் பக்கத்துலயே நிக்கற அம்மாகிட்டப் போய்ச் சொல்லும். தை மாசம் ஆரம்பிச்சது, சித்திரை வந்துருச்சு. பாப்பாவுக்கே அலுத்துப் போச்சு. ஒருநாள், "அப்பா, நீயே சொல்லு, எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு"ன்னுச்சு. அந்த லீவுக்குத்தான் செவ்வந்தி பொட்டியத் தூக்கிக்கிட்டா.

இதுக்கு நடுவுல சகாயம் படத்தத் தூக்கி நெட்டுல போட்டுட்டான். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. எங்கெங்கயோ பாக்கறாங்க, துண்டு துண்டா வெட்டிப் போடறாங்க. கீழ எழுதறாங்க பாருங்க, நான் ஒண்ணு விடாமப் படிப்பேன். ஒருத்தரு என்னய 'தெய்வமே'ன்னு எழுதியிருந்தாரு. ஒருத்தரு, தூக்கமே வராம இருந்துச்சு, இந்தப் பேய்ப் படத்தப் போட்டேன், நிம்மதியாத் தூங்கினேன்னு எழுதியிருக்காரு. ஒரு தம்பி, செருப்பக் கழட்டிட்டு வர்ற இந்தக் காட்டேரிக்கு எங்கக்காவக் கட்டிக்குடுக்கலாம், இப்ப இருக்கற மாமா அதுகூடப் பண்றதில்லன்னு எழுதியிருந்தாப்ல. அதுக்கு மட்டும் நான் பதில் போட்டேன். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு தம்பின்னு.

அதப் போட்டுட்டு செல்லக் கீழ வெச்சேன். கூடத்துல யாரும் இல்ல. அம்மாவும் அப்பாவும் உள்ள ரூம்புல. அடுப்பாங்கரையில பாத்திரம் உருட்டற சத்தம் இல்ல. பாத்திரக் கடக்காரனுக்கே அந்தச் சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கு அவ ஞாபகம் வந்துருச்சு தம்பி, சொல்றதுக்கென்ன. ரொம்ப வந்துருச்சு.

நேத்து சாயங்காலம் அவளே போன் பண்ணா. பாப்பாவ விட்டுப் பேசச் சொல்வான்னு பாத்தேன், அவளே பேசினா.

"டி.சி. வாங்கியாச்சா?"ன்னா.

"ஹெட்மாஸ்டர் ஊர்ல இல்ல"ன்னேன். பொய்தான். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல.

அப்புறம், "அந்தப் படம் உங்க செல்லுல இருக்கா?"ன்னா.

"இருக்கு."

"ரெண்டாம் பாதி நான் பாக்கல. நீங்கதான் அனுப்பிட்டீங்க."

நான் செல்ல மறு காதுக்கு மாத்திக்கிட்டேன்.

"எடுத்துட்டு வாங்க. இங்க டிவில போட்டு எல்லாரும் உக்காந்து பாக்கலாம். நீங்களும் எங்கூட உக்காரணும். நான் சிரிப்பேன். சத்தமாத்தான் சிரிப்பேன். நம்ம வீட்டுக்கு வந்தாலும் இனிமே அப்படித்தான். உங்கப்பா விட்டத்தப் பாத்து எது சொன்னாலும் சரி. முடியும்னா வாங்க, ஞாயித்துக்கிழமை சேந்து ஊருக்குப் போகலாம். முடியாதுன்னா டி.சி.ய யாருகிட்டயாவது குடுத்துவிடுங்க."

வெச்சுட்டா. குரல்ல கோவமே இல்ல தம்பி, அதான் எனக்குக் கலக்கமாப் போச்சு. கோவமா இருந்தா சமாதானம் பண்ணிரலாம். இவ யோசிச்சு முடிச்சுட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில எங்கப்பா, "எங்கடா கெளம்பிட்ட?"ன்னாரு. கும்பகோணத்துக்குச் சரக்கு எடுக்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். திரும்பிப் போறப்ப சரக்கு எங்கன்னு கேப்பாரு. பொண்டாட்டியும் பிள்ளையும் எறங்கறதப் பாத்தா அவருக்கே புரியும்னு வெச்சிருக்கேன்.

நான் என்ன நெனைக்கறேன்னா, ரெண்டாம் பாதியப் பாத்தா அவ நிச்சயம் பயந்துருவா. மொத பாதி கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், நானே ஒத்துக்கறேன். ரெண்டாம் பாதிதான் படமே. பாடாலூர் வந்தாச்சா? அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான். தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் முக்கியமா எந்திரிச்சு வந்தேன். நீங்க முழுப் படமும் பாத்துருக்கீங்கள்ல? ரெண்டாம் பாதியில சனங்க எந்த இடத்துல ரொம்பச் சிரிக்கிறாங்க? மறைக்காம சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

பறக்கற சீனா?

அது நான் சாகப் போற சீனு தம்பி. பந்தல் மூங்கில்ல கயிறு கட்டி என்னய மேல தூக்குனாங்க. வேட்டி அவுந்துருச்சு, அதுக்காக ஷாட்ட விட முடியுமா, ஒரு கையால வேட்டியப் பிடிச்சிக்கிட்டு மறு கையால மெரட்டினேன். அழுதுக்கிட்டே நடிச்ச சீனு அது. அதுக்கா சிரிக்கிறாங்க? எல்லாருமா? உங்க வீட்டுல பொம்பளைங்களும் சிரிச்சாங்களா?

சரி. சிரிச்சா சிரிக்கட்டும். சத்தமா வருமில்ல, அந்த இடத்துல? அடக்க முடியாத அளவுக்கு வருமா?

இல்ல, நான் எதுக்குக் கேக்கறேன்னா, அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே நான் திரையப் பாக்கறத விட்டுட்டு அவ பக்கம் திரும்பி உக்காந்துரணும். முந்தானைய எடுக்காதன்னு சொல்லி வெச்சுரணும். அன்னைக்கு சத்தம் மட்டும்தான் தம்பி கேட்டுச்சு. பத்து வருஷம் ஆச்சு, அவ சிரிச்சா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.